பிசிறு

காசு இப்போது என் கையில் இல்லை. அந்த அம்மா அதை வாங்கிப் பச்சைத் துணிமேல் வைத்து, மேசை விளக்கைக் குனியவைத்து, ஒரு கண்ணை இடுக்கி இன்னொரு கண்ணில் சின்னக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டாள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் எஸ்தர் என்று போட்டிருக்கிறது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "உக்காருங்கக்கா, அவசரப்பட்டா கண்ணு பொய் சொல்லும்" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அசைந்தால் டொக் என்கிறது, அசையாமல் இருக்கலாம் என்று நினைத்தால் எப்படி அசையாமல் இருப்பது என்பதே உடம்புக்கு மறந்துபோகிறது, டொக். கல்யாண மண்டபம் இது. நேற்று யாருக்கோ முகூர்த்தம் நடந்திருக்கிறது. மேடைச் சுவரில் தெர்மாகோல் எழுத்துகள் பாதி பிய்ந்து, பெண்ணின் பெயர் முழுசும் போய், மாப்பிள்ளை பெயரில் கடைசி ரெண்டு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. கீழே வரிசையாக மேசை போட்டுக் காசுக் கண்காட்சி. மற்ற மேசைகளில் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இந்த மேசையில் பார்த்துச் சொல்வது மட்டும்தான். காசு அடிக்கிற மின்ட்டிலேயே கோணலாகப் பிறந்ததா, இல்லை ஊர் சுற்றி, பலர் கைபட்டுக் கெட்டதா. பிறவியா, பட்டதா. எனக்கு முன்னால் இருந்த மீசைக்காரர் ஒரு காசைக் கொடுத்தார், தகடு மாதிரி நசுங்கி, தலையும் இல்லை எழுத்தும் இல்லை. "மின்ட்டு தப்புதானுங்களே மேடம், பாருங்க, அச்சே உளுகலை" என்றார். எஸ்தர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இது மின்ட்டுல பொறந்த குறையில்லீங்ண்ணா, தண்டவாளத்துல செத்த காசு. ரயிலு ஏறியிருக்குது." "நான் வெக்கலீங்க, எம்மச்சான் வெச்சதுங்க." "அப்ப மச்சானைக் கூட்டிட்டு வாங்க, அவர்கிட்டத்தான் தப்பு இருக்கு, பாத்துச் சொல்றேன்." வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் சேலை முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன், காசு அப்போது அதற்குள் இருந்தது. இப்போது அங்கே இருக்கிறது, விளக்குக்குக் கீழே, ஓரத்தில் ஒரு கடி போன ரொட்டி மாதிரி.

நிஜம்னா கூப்பிடு அம்மிணி, என்று அண்ணன் சொன்னார். இல்லீன்னா கூப்பிட வேண்டாம், கூப்பிடாட்டி நானே புரிஞ்சுக்கறேன். சென்னியப்பண்ணன் எங்களில் மூத்தவர். கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்து கட்டிலில் கிடக்கிறார், பேச்சு மட்டும் மெதுவாக, ஆனால் தெளிவாக வருகிறது. தலையணைக்குப் பக்கத்தில் போன் இருக்கும். இப்போதும் இருக்கும். அது அடிக்கிறதா என்று காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு படுத்திருப்பார், மருமகள் கஞ்சி கொண்டுவந்தால்கூட, இரு, இரு என்பார். அடிக்காத போனைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எப்படி இருக்கும். நூல் மில்லில் கரண்ட் போனதும் நூல் சுற்றுகிற எல்லாக் கதிரும் ஒரே நேரத்தில் நிற்கும், அந்தச் சத்தமில்லாத சத்தம் காதுக்குள் வந்து அடைக்கும், அப்படி இருக்கும். நான் கோன் சுற்றுகிற செக்ஷனில் இருந்தேன். நூல் அறுந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு, எனக்குக் காது சொல்லிவிடும், இந்த வரிசையில் அந்த மூலையில் ஒரு கதிர் வெறுமனே சுற்றுகிறது என்று. அந்தக் காதை நான் ரொம்ப நம்பினேன். ஆட்களையும் அதை வைத்தே எடைபோட்டேன். டொக். எஸ்தர் காசைப் புரட்டிப் போட்டாள். புரட்டும்போது சத்தமே வரவில்லை, துணி.

வெள்ளிங்கிரிக்கு அது கிடைத்தது அண்ணனுடைய கண்டக்டர் பையிலிருந்து. அண்ணன் அப்போது பஸ்ஸில் கண்டக்டர். ராத்திரி வந்து பையைக் கொட்டினால் கிழிசல் நோட்டும் தேய்ந்த காசுமாக ஒரு ஓரம் ஒதுக்குவார், யாரும் வாங்காதது, எவனோ கூட்டத்தில் கையில் திணித்துவிட்டுப் போனது. அதில் ஒரு ரூபாய்க் காசு, பெரிசு, அந்தக் காலத்துக் கனம். விளிம்பில் ஒரு பக்கம் பிறை மாதிரி இல்லாமல் போயிருந்தது. வெள்ளி நல்ல ஒரு ரூபாயைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டான். எங்களில் கடைசி அவன், வெள்ளிங்கிரி என்று பெயர் வைத்து வெள்ளி வெள்ளி என்றே கூப்பிட்டோம். லேத்துப் பட்டறையில் வேலை. அங்கேதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இப்படி வாய் போன காசு மின்ட்டிலேயே தப்பி வருமென்று, டவுனில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களென்று. என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "அக்கா, இது பொறக்கும்போதே இப்படி. எவனும் கடிக்கலை." சிமெண்டுத் தரையில் போட்டுக் காட்டினான். கிணுங் என்றது, சுத்தமாக. "கேட்டியா?" கேட்டேன். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லா ரூபாயும் கிணுங் என்றுதான் சொல்லும். அவனுக்கு அதில் என்ன கேட்டதோ. லேத்துப் பட்டறையில் வேலை, அதுதான் பிறகு எல்லோர் வாயிலும் வந்தது. அரம் கையில் இருக்கிறவன். லேத்தும் இருக்குது, அரமும் இருக்குது, காசும் இருக்குது, இன்னும் என்ன வேணும்.

ஒருவேளை அறுத்துத்தான் இருப்பானோ. இதை நான் இத்தனை நாளாக நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைப்பேன், நினைத்துவிட்டுக் காசைப் பொத்தான் டப்பாவுக்குள் அடியில் தள்ளிவிடுவேன், பொத்தான் தேடும்போது மறுபடி கையில் தட்டுப்படும். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே நினைப்பேன், அறுத்திருந்தால் என்ன, வயசுக் கோளாறு, விளையாட்டுக்குச் செய்திருப்பான், பிறகு வாங்குகிற ஆள் வரையில் பேச்சு போனதும் பின்வாங்க வழியில்லாமல் போயிருக்கும். உடனே அந்தக் குரல் வரும். கோயில் வாசலில் அவன் சொன்ன குரல். அதற்குமேல் யோசனை நகராது, சிக்கின நூல் மாதிரி அந்த இடத்திலேயே சுற்றும். எஸ்தர் வாய்க்குள் பெருங்காய மிட்டாய் எதையோ ஒதுக்கிக்கொண்டு, சின்னத் தராசு ஒன்றை இழுத்துக் காசை அதில் வைத்தாள். பின்னாலிருந்த ஒரு பெண், "பாட்டி, எத்தனைக்கு விக்கப் போறீங்க?" என்றாள். விற்கவில்லை என்றேன். "பின்னே எதுக்குக் காட்டறீங்க?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தெரிஞ்சுக்கலாம்னு, என்றேன். தெரிந்துகொண்டு என்ன செய்வது. பொய்யென்றால் வெள்ளி பொய்யன், அண்ணன் சொன்னதுதான் சரி, ஒன்றும் மாறவில்லை, நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம், போனை எடுக்க வேண்டியதில்லை. நிஜமென்றால் கூப்பிட வேண்டும். கட்டிலில் கிடக்கிற ஒருவரிடம், எழுந்து நடந்துபோய் யார் காலிலும் விழ முடியாத ஒருவரிடம், நிஜம் என்று சொல்ல வேண்டும். எது வந்தால் தேவலை என்று சாமியிடம் கேட்கலாமென்றால் எதைக் கேட்பது. பஸ்ஸில் வரும்போது இதையே உருட்டிக்கொண்டு வந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் விட்டுவிட்டேன்.

காசைப் பார்த்து வாங்குகிற டவுன் ஆள் வருகிறேன் என்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறுதான் அண்ணன் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அப்படி விழுந்தது. அதற்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு பயம், வந்தவன் நாலு பேருக்கு முன்னால் ஈயக்காசு என்று சொல்லிவிட்டால்? அந்த நாளில் ஈயத்தில் வார்த்த கள்ளக்காசு நிறைய நடமாடியது, கண்டக்டருக்குத் தெரியாதா. "ஆத்தா, தோட்டுத் திருகாணி சரிபண்ண ஆசாரிகிட்டப் போறீங்கள்ல, இதையும் காட்டிட்டு வாங்க, ஈயமா என்னன்னு" என்று அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். நானும் கூடப் போனேன். ஆசாரி கடைப் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பலாப்பழ வண்டிக்காரன் ஒருத்தன் சுளை பிரித்துக்கொண்டிருந்தான், அந்த மணத்தில் எனக்கு வேறெதுவும் கவனமில்லை. உள்ளே ஆசாரி பேசுகிறது மட்டும் காதில் விழுந்தது. "உள்ளயும் வெள்ளைதானுங்காத்தா. ஈயமில்லை, நல்ல காசு." அம்மாவுக்குச் சந்தோஷம். காகிதத்தில் மடித்து வாங்கி, வந்து அப்படியே வெள்ளியிடம் கொடுத்தாள். "ஆசாரியே சொல்லிட்டாரு, உள்ளயும் வெள்ளைதானாம், உன்னை மாதிரி." அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒறம்பரைக் கூட்டம், சொந்தபந்தம் எல்லாம் இருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார், டவுன் ஆள் வந்து காசை வாங்கி வெயிலில் பிடித்தார். ஒரே நிமிஷம். சிரித்துவிட்டார். "ஏந்தம்பி, அரம் போட்ட தடம் பளபளன்னு தெரியுது. அறுத்தது அறுத்தீங்க, கொஞ்சம் அழுக்காச்சும் பூசிக் கொண்டாந்திருக்கலாமில்ல?" வெள்ளி காசை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இது முந்தி இல்லீங்களே" என்றான். அவ்வளவுதான். முந்தி இல்லையாம், அப்ப நடுவுல முளைச்சுதா, என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே தட்டில் திருப்பி வைத்தார். சர்க்கார் காசை அறுக்கற வீடா இது, என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் அண்ணன் சூடத்தை ஏற்றினார். "அணைச்சுட்டுச் சொல்லு. நான் அறுக்கலைன்னு சொல்லு. நம்பறேன்." எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் எங்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வெள்ளி கையை நீட்டவில்லை. சூடம் எரிந்து, கல்லில் கருப்பாகப் படிந்து, தானாக அணைந்தது. "நான் அறுக்கலீங்ண்ணா" என்றான், அணைந்த பிறகு. அந்தக் குரல்தான். அறுக்கலை என்கிற சொல் நடுவில் ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி கீழேயுமாக, வெட்டின தகர விளிம்பு மாதிரி. குரலில் பிசிறு. மில்லில் நூலில் பிசிறு இருந்தால் பஞ்சு மட்டம் என்று ஒதுக்குவோம், அந்தப் பழக்கம், என் காது அதை அப்படியே எடுத்துக்கொண்டது. "தொண்டையைப் பாரு, பொய் வெளிய வர மாட்டாம நிக்குது" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் கேட்டது. வெள்ளி காசை என் கையில் வைத்தான். "நீயே வெச்சுக்கக்கா." திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தான், அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஒறம்பரை விசேஷங்களில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, அண்ணன் இருக்கிற பக்கம் வராமல் போய்விடுவான். பொங்கலுக்குப் பொங்கல் எனக்குப் போன் பண்ணுவான். "நல்லாருக்கியாக்கா." அந்தக் குரலில் பிசிறு கிடையாது. ஒருநாளும் காசைப் பற்றிக் கேட்டதில்லை. அண்ணன் மகளுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகவே அமைந்தது, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனால் ஆறவேண்டியது எதுவோ ஆறவில்லை. சூடம் கருகின கல் இன்னும் அங்கே இருக்கிறது, மழை அடித்தும் போகவில்லை, ஒவ்வொரு தடவையும் அதை மிதிக்காமல் தாண்டிப் போவேன்.

"அக்கா, இங்க வாங்க" என்றாள் எஸ்தர். டொக். எழுந்தேன். கண்ணாடியை என் கண்ணில் வைத்துப் பிடித்தாள், அவள் விரலிலும் பெருங்காய வாசம். "எல்லாரும் கடிபட்ட எடத்தையே பாப்பாங்க. அங்க பாக்காதீங்க. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்க, ஓரத்துல. கரை தெரியுதா?" பெரிசு பெரிசாக எழுத்து, மலை மாதிரி, பள்ளத்தாக்கு மாதிரி. விளிம்பில் காசைச் சுற்றி வரப்பு மாதிரி ஒரு மேடு, அது கடிக்கு நேர் எதிரில் மட்டும் கரைந்து தட்டையாகக் கிடந்தது. தெரியலை, என்றேன். "அதான். அங்க கரை இருக்கக் கூடாது. தகட்டை வட்டமா வெட்டறப்ப, முன்னாடி வெட்டின ஓட்டைமேல கொஞ்சம் ஏறி வெட்டிட்டா இப்படிப் பிறை மாதிரி ஒரு வாய் போயிரும். அப்புறம் அந்த வட்டத்தைச் சுத்தி நெருக்கித்தான் கரை எழுப்புவாங்க. இந்தப் பக்கம் நெருக்க ஆளில்லீன்னா அந்தப் பக்கமும் எழும்பாது. இதை எந்த அரத்தாலயும் பண்ண முடியாதுங்கக்கா. அறுத்த காசுன்னா எதிர்ப்பக்கம் கரை ஜம்முனு நிக்கும். இது பிறவி. அச்சு அடிக்கறதுக்கு முந்தியே போன வாய்." பிறவி, என்று திருப்பிச் சொன்னேன். "எடையும் சரியா அந்த அளவுக்குக் குறையுது." பிறகு காசைத் திருப்பிக் கடியின் ஓரத்தைக் காட்டினாள். "இது வேற. இந்த வாயோட ஓரத்துல யாரோ ஒரு இழுப்பு அரம் வெச்சிருக்காங்க. பழசு, ஆனா அரந்தான். தொட்டுப் பாருங்க, சொரசொரன்னு நிக்குதா? பிசிறு. பிசிறு இருந்தாலே அது பின்னால பட்ட அடிங்கக்கா. பிறவிக் குறைக்குப் பிசிறு இருக்காது."

உள்ளயும் வெள்ளைதானுங்காத்தா. பலாச்சுளை மணம். உள்ளயும். உள்ளே எப்படித் தெரிந்தது அந்த ஆசாரிக்கு. அறுக்காமல் உள்ளே எப்படிப் பார்க்க முடியும். படியில் உட்கார்ந்திருந்த என் முதுகுக்குப் பின்னால் கீச், கீச் என்று ரெண்டு இழுப்பு, எண்ணெய் வற்றின கதிர் மாதிரி. திருகாணிக்கு அரம் போடுகிறார் என்று நினைத்தேன். காது கேட்டது, கேட்டு வாங்கி, திருகாணி என்று பெயர் எழுதி ஒட்டி உள்ளே வைத்துக்கொண்டது. வளையலோ காப்போ எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் அரம் வைத்து உள் நிறத்தைப் பார்ப்பது ஆசாரிகளின் பழக்கம், அவர் தொழில் அது. எங்கே வைப்பார், முழுசாக இருக்கிற இடத்தில் வைப்பாரா, ஏற்கெனவே போன இடம் இருக்கும்போது? அண்ணன் கேட்டனுப்பினது ஈயமா என்று. ஈயமில்லை என்று பதில் வந்தது. யாரும் கேட்காத கேள்விக்கு அரம் ஒரு பதிலை எழுதிவைத்துவிட்டது. அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது, அவள் மடித்த காகிதத்தை வாங்கி வந்தாள். இப்போது போய்க் கேட்க அவளும் உயிரோடு இல்லை, ஆசாரியும் இல்லை. "அரம் வெக்காம இருந்திருந்தா நல்ல விலைங்கக்கா, இப்ப அதுல பாதிகூட வராது" என்று எஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தாள், காசைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு. "பாத்து வெச்சுக்கங்க. இனி யார்கிட்டயும் கொடுத்துச் சோதிக்காதீங்க." சரிங்க, என்றேன். அடுத்த ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்தார். டொக்.

சாப்பாட்டுக்கூடத்தில் கை கழுவுகிற இடத்துக்குப் போனேன், அங்கே ஆளில்லை. வரிசையாகக் குழாய்கள், ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. போனை எடுத்து அண்ணன் படத்தை அமுக்கினேன். முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை. ஹலோ வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "கூப்பிட்டுட்டே" என்றார். ஆமாங்ண்ணா, என்றேன். பொறவிதானாம். சொட்டுகிற குழாயை இறுக்கினேன், நிற்கவில்லை. "அப்ப அந்த அரத் தடம்?" "ஆசாரி வெச்சதுங்ண்ணா. ஈயமான்னு பாக்கறதுக்கு." அவர் யோசிக்கிறது எனக்குக் கேட்டது, கட்டில் ஒரு தடவை முனகியது. "நாந்தானே குடுத்தனுப்பினேன்" என்றார். ஆமாங்ண்ணா. மண்டபத்துக்குள் யாரோ கைதட்டினார்கள், நல்ல காசு ஏதோ வந்திருக்கும். "நான் வேணும்னு பண்ணலை அம்மிணி." பண்ணலை என்ற சொல் நடுவில் பிளந்து வந்தது, ஒரு பாதி மேலே, ஒரு பாதி கீழே. அதே மாதிரி. கோயில் வாசலில் கேட்ட அதே மாதிரி. தெரியுமுங்ண்ணா, என்றேன். பிறகு அவர் எதையோ தடவித் தேடுகிற சத்தம், காகிதம் சரசரக்கிற சத்தம். "வெள்ளி நம்பரைச் சொல்லு" என்றார். "மருமகளை எழுதிக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்." "வேண்டாம், நானே எழுதறேன். சோத்துக்கைதான் போயிருச்சு. பீச்சாங்கையில எழுதறேன். மெதுவாச் சொல்லு."